இலை வழியாகவும் சாப்பாடு!

செடி வேரால் மட்டுமல்ல, இலையாலும் சத்து எடுத்துக்கொள்ளும். கோயில் அபிஷேகத்தில் நாம் கேள்விப்பட்ட பஞ்சகவ்யத்தைப் பயிருக்குத் தெளிக்க வழிகாட்டியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லம், இளநீர், வாழைப்பழம் சேர்த்து ஊறவைப்பார்கள்.

அளவு: 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி (3 சதவீதம்). வடிகட்டணும், இல்லேன்னா நாசில் அடைச்சுக்கும். காலையிலோ சாயங்காலமோ தெளிக்கணும். அதுக்காக மண்ணுக்குத் தொழு உரம் போடாமல் விடக்கூடாது.

போன வருஷம் நான் தண்ணீர் கலக்காமல், உச்சி வெயிலில் கத்தரிக்குத் தெளித்துவிட்டேன். இலையெல்லாம் கருகிப்போச்சு. 2 வாரம் சந்தைக்குக் காய் இல்லை. அம்மா திட்டவில்லை. அடுத்த முறை அளவு டம்ளரை என் கையிலேயே கொடுத்தாங்க.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

– 9-ஆம் வகுப்பு மாணவி