ஆர்வம் பத்து இருந்தா எதைப் பத்தி எழுதுறது?

ரெஸ்யூமில் "ஏரியா ஆஃப் இன்ட்ரெஸ்ட்" என்று ஒரு வரி வரும். நம்மில் பலர் மாட்டிக்கொள்கிற இடம் அது. திங்கள்கிழமை லினக்ஸ், புதன்கிழமை ஆர்டுயினோ, சனிக்கிழமை கேமரா, நடுவில் கொஞ்சம் வரலாறு. இதில் எதை எழுதுவது? "முதல்ல ஒண்ணுல எக்ஸ்பர்ட் ஆகலாம், அப்புறம் எழுதலாம்" என்று தள்ளிப் போட்டால் எட்டு செமஸ்டரும் முடிந்துவிடும். ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடித்ததெல்லாம் நம்ம கூடவே கிளம்பிப் போயிடும். அடுத்த வருஷம் தமிழ் மீடியத்திலிருந்து வரப்போற தம்பியும் தங்கையும் அதே இடத்துல மறுபடி முட்டுவாங்க.

அதனால எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பார்ப்போம். நமக்கு முன்னாடி இதைச் செய்த ஒருத்தர் பக்கத்திலேயே இருக்கார்.

1. மண்டகப்பட்டு சொல்லித் தரும் பாடம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போற பக்கம் மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் செய்தவர், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். அவருக்கு இருந்த ஆர்வங்களை எண்ணிப் பாருங்க. சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம், அது ஓவியத்துக்கு. மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவர். அரசாங்கத்தையும் நடத்தணும். விசித்திரசித்தன் என்றும் ஒரு பட்டம் உண்டு. புதுசு புதுசா யோசிக்கிற மனசுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோயிலைச் செய்துவிட்டு அங்கே ஒரு சின்ன கல்வெட்டு வெட்ட வைத்தார். அது மூணு விஷயம் சொல்லுது: செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து எதுவும் இல்லாமல் இது செய்யப்பட்டது, செய்வித்தவர் விசித்திரசித்தன், பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் உரியது.

என்ன செய்தோம், எது இல்லாமல் செய்தோம், யார் செய்தது, யாருக்காக. அவ்வளவுதான். தனக்குத் தெரிந்த எல்லாத்தையும் அந்தப் பாறையில் அவர் ஏத்தப் பார்க்கல. ஒரு வேலை முடிந்தது, அந்த வேலையைப் பத்தி மட்டும் எழுதினார். அதனாலதான் அந்தக் கோயில் எப்படி உருவானதுன்னு இன்னிக்கும் நம்மால் சொல்ல முடியுது.

2. எல்லாத்தையும் கோர்க்கிற நூல் எது?

"இன்னிக்கு சென்சார், நாளைக்கு சினிமான்னு எழுதினா யார் படிப்பாங்க?" நியாயமான சந்தேகம். சுஜாதாவை எடுத்துக்குங்க. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். பெங்களூரு பெல் நிறுவனத்தில் இன்ஜினியர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு உண்டு. அவரே கணையாழியின் கடைசிப் பக்கத்தில் புத்தகம், சினிமா, கவிதை, கம்ப்யூட்டர் எல்லாம் எழுதினார். அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு இதுதான்னு கட்டுப்பாடு கிடையாது. எழுதுற ஆள் ஒருத்தர்தான், அவர் பார்க்கிற விதமும் ஒண்ணுதான். அதுவே நூல்.

ஆக, பல ஆர்வம் இருக்கிறது பிரச்சினை இல்லை. ஒரே கட்டுரையில் எல்லாத்தையும் திணிக்கிறதுதான் பிரச்சினை. பத்து ஆர்வத்துக்குப் பத்து கட்டுரை எழுதுங்க.

3. ஒரு மாதிரி எழுதிப் பார்ப்போம்

"ஐ.ஓ.டி. ஒரு அறிமுகம்" என்ற தலைப்பை விட்டுடுங்க. அது எல்லா இடத்துலயும் கிடைக்கும். திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.எம்.வி. என்று பேர் ஆரம்பிக்கிற மல்லாட்டை ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான், அந்த மூணெழுத்து திண்டிவனத்தைக் குறிக்குது. உங்க வீட்டுக் கொல்லையிலோ நிலத்திலோ மல்லாட்டை இருந்தா, தலைப்பு இப்படி மாறலாம்: "மல்லாட்டைக் கொல்லையில் மண் ஈரம் அளந்தேன்". இப்போ கல்வெட்டு முறையில் நிரப்புங்க.

என்ன செய்தோம்: ரெண்டு முள் இருக்கிற ஈரப்பத சென்சாரை ஆர்டுயினோ ஊனோவில் மாட்டி அளந்தோம். அளவு 0 முதல் 1023 வரை வரும். அந்த எண்ணுக்குத் தனியா அர்த்தம் கிடையாது. காய்ந்த மண்ணில் ஒரு தடவை, நல்லா நனைந்த மண்ணில் ஒரு தடவை அளந்து ரெண்டையும் குறிச்சுக்கணும். நம்ம மண்ணுக்கு அதுதான் அளவுகோல்.

எங்கே முட்டும்: சென்சாருக்கு எப்பவும் கரன்ட் போய்க்கிட்டே இருந்தா ஈர மண்ணில் மின்னாற்பகுப்பு நடந்து முள் அரித்துப் போகும். சென்சாருக்குப் போற சப்ளையை ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து கொடுங்க. அளக்கிற நேரம் மட்டும் ஆன், மத்த நேரம் ஆஃப். முள் ரொம்ப நாள் தாங்கும்.

எது இல்லாமல்: வைஃபை இல்லை, கிளவுட் இல்லை, விலை அதிகமான சென்சார் இல்லை.

யாருக்காக: இதை முதல் தடவை செய்யப்போற ஒரு ஃபர்ஸ்ட் இயருக்காக.

எலக்ட்ரானிக்ஸ், விவசாயம், கொஞ்சம் கெமிஸ்ட்ரி. மூணு ஆர்வமும் ஒரே வேலைக்குள்ள தானா வந்துடுச்சு பாருங்க.

4. தமிழ்ல எழுத வருமா?

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நமக்கு இது பெரிய தயக்கம். லேபில் பக்கத்து ஆளுக்கு எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே எழுதுங்க. சென்சாரை சென்சார் என்றே எழுதலாம். டைப் பண்ண வரலைன்னா போனில் பேசி எழுத வைங்க, அப்புறம் பிழை திருத்துங்க. ஒருத்தர்கிட்ட சத்தமா படித்துக் காட்டுங்க. அவர் "என்னது?" என்று நிறுத்துற வரிதான் திருத்த வேண்டிய வரி.

5. எழுதினதை எங்கே தர்றது?

நம்ம இதழ் இருக்கு. 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருள் பத்தித் தமிழில் வரும் கணியம் இருக்கு. விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கு. அங்கே போய்ப் பேசினாலே உங்க கட்டுரை யாருக்குத் தேவைன்னு தெரிஞ்சிடும்.

இந்த வாரம் நீங்க முடித்த ஒரே ஒரு வேலையை எடுங்க, சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. மேலே சொன்ன நாலு கேள்விக்கும் நாலு பத்தி. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எழுதி, முதல்ல ஒரு ஜூனியர் கையில கொடுங்க. அவர் அதைப் பார்த்து தானாவே செய்து முடித்தார்னா உங்க முதல் கட்டுரை தயார்.