புள்ளிகளைக் கூட்டுமுன்



பாகான் செராய் கிளினிக்கில் ரத்தக்குழாய் அழற்சி அபூர்வமாகத்தான் வரும். வந்ததும் போனைத் திறந்து புள்ளி கூட்டத் தோன்றும். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட புள்ளிமுறை அளவுகோல்கள் அவ்வளவு கைக்கடக்கமானவை. ஆனால், சிறிய அல்லது நடுத்தர ரத்தக்குழாயில் அழற்சி உண்டு என்று முடிவான பிறகு, அதைப் போல நடிக்கும் நோய்களையும் விலக்கிய பிறகே கணக்குப் போடச் சொல்கிறது அவற்றின் முதல் குறிப்பு. பலர் அதைப் படிப்பதில்லை.

முன்பு சர்க்-ஸ்ட்ராஸ் என்று அழைக்கப்பட்ட ஈஜிபிஏ நோயைப் பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் 3 புள்ளி. ரத்தத்தில் இயோசினோஃபில் மைக்ரோலிட்டருக்கு 1,000-ஐத் தொட்டால் 5. ஆறு புள்ளி போதும் என்கிற இடத்தில் எட்டு வந்துவிடுகிறது. இப்போது, இளமையில் ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு பால்மரம் வெட்டிய ஒருவர் இளைப்போடு வருகிறார் என்று வையுங்கள். தோல் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு குடலுக்குள்ளேயே மறுபடி மறுபடி தொற்றிப் பல பத்தாண்டுகள் தங்கும். இயோசினோஃபிலை ஏற்றும், இளைப்பையும் தரலாம். அவருக்கும் அதே எட்டுப் புள்ளிதான். அழற்சி என்று நம்பி ஸ்டெராய்டு கொடுத்தால் புழு உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கலாம்.

இந்த அளவுகோலின் தனித்தன்மை (specificity) 99 சதவீதம் ஆயிற்றே என்பீர்கள். அந்த எண், ஈஜிபிஏ நோயாளிகளை மற்ற ரத்தக்குழாய் அழற்சி நோயாளிகளோடு ஒப்பிட்டு வந்தது. புழு உள்ளவர்கள் அந்த ஒப்பீட்டில் இல்லை. இன்னொரு விசித்திரம்: கால் பாதம் திடீரென்று தொங்கிப்போவது போன்ற நரம்புப் பாதிப்புக்கு அளவுகோலில் ஒரே ஒரு புள்ளி. நோயாளி முன்னால் நிற்கும்போது நீங்கள் அதிகம் மதிக்க வேண்டியது அதைத்தான்.

தாமதித்தால் நரம்பும் இதயமும் போய்விடுமே என்ற கவலை நியாயமானது. அதற்காகப் புழு பற்றிய சந்தேகத்தை விட வேண்டியதில்லை. அவசரமானால் ஸ்டெராய்டோடு ஐவர்மெக்டினையும் சேர்த்துத் தரலாம். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் புழு தெரியவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள், அது அடிக்கடி தப்பிவிடும். ரத்தத்தில் ஆன்டிபாடி பாருங்கள். சிறுநீரகப் பாதிப்பைத் தெரிந்துகொள்ள, சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

நோயாளியைத் தைப்பிங் அல்லது ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பும்போது, எத்தனை புள்ளி என்று எழுதுவதற்கு முன், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் வேலை செய்தார் என்று எழுதுங்கள். அங்கே அதை யாரும் கேட்காமல் போகலாம்.