முப்பது வயதில் முதல் தங்கம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

ஓட்டப் பந்தய வீராங்கனை என்றதும் நம் நாட்டவருக்குப் பி. டி. உஷாவின் நினைவு வரும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் அவர் வெண்கலத்தை இழந்த கதையை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருக்கும் முந்திய தலைமுறையில், நம் பாட்டிமார் சிறுமிகளாய் இருந்த நாளில், உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு பெண்மணி இருந்தார். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ஃபேனி பிளாங்கர்ஸ் கோன் என்பது அவர் பெயர். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றவர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் அவரைப் பற்றி ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் அடங்காத செய்திகள் பல உண்டு. தோழியரே, அவற்றைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஃபேனி 1918 ஏப்ரல் 26-ஆம் நாள் பிறந்தார். ஐந்து சகோதரர்களுக்கு இடையே ஒரே பெண். முதலில் அவர் விரும்பியது நீச்சலைத்தான். ஆனால் நீச்சலில் சிறந்த பெண்கள் ஹாலந்தில் ஏற்கெனவே நிறைய இருந்ததால், ஓட்டத்தில் கருத்தைச் செலுத்தும்படி அவருடைய பயிற்சியாளர் அறிவுரை கூறினார். பதினெட்டு வயதில், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். உயரம் தாண்டுதலில் ஆறாம் இடம், தொடர் ஓட்டத்தில் ஐந்தாம் இடம். பதக்கம் ஒன்றும் இல்லை. ஆயினும் அங்கே நான்கு தங்கம் வென்ற அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அதைப் பொக்கிஷம் போலக் காத்து வந்தார்.

அதன் பிறகுதான் உலகப் போர் வந்தது. 1940-இலும் ஒலிம்பிக் நடக்கவில்லை, 1944-இலும் நடக்கவில்லை. ஒரு வீராங்கனையின் உடல் வலிமை உச்சத்தில் இருக்கும் இருபத்திரண்டு வயதும் இருபத்தாறு வயதும் அப்படியே கழிந்துபோயின. 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் ஹாலந்தைப் பிடித்துக்கொண்டன. அதே ஆண்டு ஃபேனி தம் பயிற்சியாளர் யான் பிளாங்கர்ஸை மணந்தார். (பெண்கள் போட்டிகளில் ஓடுவதை ஒரு காலத்தில் ஒப்புக்கொள்ளாதவர் இந்த யான் என்பது வேடிக்கை!) அந்நியப் படையின் ஆட்சியில் வாழ்ந்துகொண்டே, 1943-இல் உயரம் தாண்டுதலில் 1.71 மீட்டரும் நீளம் தாண்டுதலில் 6.25 மீட்டரும் தாண்டி ஃபேனி உலக சாதனை படைத்தார். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லண்டன் ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு முப்பது வயது. இரண்டு குழந்தைகளின் தாய். அவருக்கு வயதாகிவிட்டது என்று பிரிட்டிஷ் அணியின் மேலாளரே கருத்துத் தெரிவித்தார். வீட்டில் இருந்து பிள்ளைகளைக் கவனிக்காமல் அரைக்கால் சட்டை அணிந்து ஓடுவதா என்று கண்டித்து அவருக்குக் கடிதங்களும் வந்தன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "பெரிய பெண்ணாகிவிட்டாய், இன்னும் என்ன ஓட்டம்?" என்று கேட்கும் அத்தைமார் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

முதலில் 100 மீட்டர் ஓட்டத்தை 11.9 நொடியில் வென்றார். அதுவே அவர் வாழ்வின் முதல் ஒலிம்பிக் தங்கம். அடுத்து 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். அதில் இங்கிலாந்தின் மவ்ரீன் கார்ட்னரும் ஃபேனியும் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். இருவருக்கும் 11.2 நொடிதான். முடிவுக்குக் காத்திருந்த வேளையில் பாண்டு வாத்தியக்காரர்கள் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்கினார்கள். தாம் தோற்றுவிட்டதாகவே ஃபேனி எண்ணினார். உண்மையில் அரச குடும்பத்தார் அரங்கிற்குள் வந்ததற்காக வாசிக்கப்பட்ட கீதம் அது. புகைப்படத்தைப் பார்த்துத் தங்கம் ஃபேனிக்கே என்று அறிவித்தார்கள்.

இரண்டு தங்கம் பெற்ற பிறகு அவர் மனம் தளர்ந்தது. வீட்டில் விட்டுவந்த குழந்தைகளின் நினைவில் அழுதார். 200 மீட்டர் ஓட்டத்திலிருந்து விலகிவிடுகிறேன் என்றார். விலகலாம், ஆனால் பின்னால் வருந்துவாய் என்று கணவர் எடுத்துச் சொன்னார். ஃபேனி அழுது தீர்த்துவிட்டு ஓடப் போனார். பெண்களுக்கு 200 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அதை 24.4 நொடியில், இரண்டாவதாக வந்தவரை 0.7 நொடி பின்னே விட்டு, வென்றார். கண்ணீர் வடித்தவர்கள் பலவீனமானவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த ஓட்டத்தைப் பற்றிப் படித்த பிறகு நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

தொடர் ஓட்டத்தன்று மழைச்சட்டை வாங்கக் கடைக்குப் போனவர் கடைசி நேரத்தில்தான் திடலுக்கு வந்து சேர்ந்தாராம்! கோல் தம் கைக்கு வந்தபோது ஹாலந்து பின்தங்கியிருந்தது. எட்டிப் பிடித்து, கோட்டருகே ஆஸ்திரேலியாவை 0.1 நொடியில் வென்றார். எட்டு நாட்களில் பதினொரு ஓட்டங்கள். பெண்களுக்கான தடகளப் போட்டிகள் மொத்தமே ஒன்பது. அவற்றுள் நான்கு அவருடையவை.

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். தனிப் போட்டிகளில் ஒரு பெண் மூன்றில் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது அன்றைய விதி. ஆகவே உயரம் தாண்டுதலையும் நீளம் தாண்டுதலையும் ஃபேனி விட்டுவிட நேர்ந்தது. லண்டனில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற அமெரிக்காவின் ஆலிஸ் கோச்மன் தாண்டியது 1.68 மீட்டர். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவர். அவருடைய பெருமை குறையாது. நீளம் தாண்டுதலில் தங்கம் பெற்ற தூரம் 5.695 மீட்டர். இரண்டுமே ஃபேனியின் சாதனைகளைவிடக் குறைவு. போர் விழுங்கிய இரண்டு ஒலிம்பிக்குகள், விதி விழுங்கிய இரண்டு போட்டிகள், இவை போக எஞ்சியதுதான் நாம் புத்தகத்தில் படிக்கும் அந்த நான்கு.

ஆம்ஸ்டர்டாம் நகரில் நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். இனி இவ்வளவு ஓட வேண்டாமே என்று அக்கம்பக்கத்தார் ஒரு சைக்கிள் பரிசளித்தார்கள். 'பறக்கும் இல்லத்தரசி' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. அன்போடு வைத்த பெயர்தான். எனினும் ஓவன்ஸை யாரும் 'பறக்கும் குடும்பத் தலைவர்' என்று அழைக்கவில்லையே!

1952-இல் ஹெல்சிங்கியிலும் ஃபேனி தடை தாண்டும் ஓட்டத்தில் இறங்கினார். உடல்நலக் குறைவால் இறுதி ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. சுதந்திர இந்தியா பெண்களை முதன்முதலாக அனுப்பிய ஒலிம்பிக் அது. அதே தடை ஓட்டத்தில் நம் நீலிமா கோஷும் கலந்துகொண்டார். மேரி டி சௌசா 100, 200 மீட்டர் ஓட்டங்களில் ஓடினார். நீந்தப் போன ஆரத்தி சாகாவுக்கு வயது பதினொன்றுதான்!

1999-இல் உலகத் தடகளச் சங்கம் நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாக ஃபேனியைத் தேர்ந்தெடுத்தது. 2004-இல், எண்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார். அந்த விருதைவிட எனக்குப் பிடித்தது 1972-இல் மியூனிக் நகரில் நடந்த ஒரு சந்திப்பு. அங்கே ஜெஸ்ஸி ஓவன்ஸைக் கண்ட ஃபேனி, முன்னாள் இரசிகையைப் போல அருகில் சென்று, பெர்லினில் தாங்கள் இட்ட கையெழுத்து இன்னும் என்னிடம் இருக்கிறது என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். நீங்கள் யாரென்று சொல்லவே வேண்டியதில்லை, உங்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றாராம் ஓவன்ஸ்.