சாயநீரைத் தெளிவித்தற்கு உமிக்கரி

அம்பாறை மாவட்டத்தின் மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. அதனைப் போன்று தறியும் வயலும் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில், நூல் தோய்த்த நீர் வாய்க்காலையோ கிணற்றையோ சென்றடைதற்கு இடமுண்டு. நெல் ஆலைகளிற் குவிந்து கிடக்கும் உமியைக் கொண்டு அந்நீரின் நிறத்தைப் பெரிதும் அகற்றலாம். ஆயின், நிறம் நீங்கிய நீரைப் பயிருக்குப் பாய்ச்சலாமா என்பது வேறு வினா. கமக்காரர் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமியாகும். உமி, தும்புச்சோறு, மரத்தூள் ஆகியவற்றின் மேற்பரப்பு நீரில் எதிரேற்றம் பெறும். ஆகவே நேரேற்றமுடைய மூலச்சாயங்களை இவை எளிதிற் பற்றிக்கொள்ளும். பருத்திநூலுக்கு இக்காலத்திற் பெரிதும் வழங்கும் தாக்கச்சாயங்களோ எதிரேற்றமுடையன. பச்சை உமி அவற்றைப் பற்றுதல் அரிது. அவற்றுக்கு உமிக்கரியே ஓரளவு உதவும்.

உமியைக் குவித்து, காற்று மட்டாகப் புகும்படி தணலிற் கருக்குக. குவியல் முழுதும் கறுத்தவுடன் நீர் தெளித்து அவித்துவிடல் வேண்டும். காலந்தாழ்த்தினால் கரி எரிந்து வெண்சாம்பலே எஞ்சும். கரியை நீரிற் பலமுறை அலசி உலர்த்துக. அடியில் துளையிட்ட பீப்பாவில் முதலிற் கூழாங்கல்லும், அதன்மேற் கழுவிய மணலும், அதன்மேல் இரண்டடி உயரத்திற்கு உமிக்கரியும் இடுக. சாயநீரை ஓரிரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் மெதுவாக ஊற்றுக. விரைந்து வடியும் நீரிற் சாயம் கரியைப் பற்றுதற்குப் போதிய நேரமிராது. எவ்வளவு கரி வேண்டுமென்பது சாயத்திற்கேற்ப மாறும். கண்ணாடிப் போத்தல்களில் வெவ்வேறு அளவு கரியையிட்டு, மறுநாள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தலே நேரிய வழி. வடிநீரில் மீண்டும் நிறம் தோன்றுமாயின் கரியை மாற்றுக.

இனி உப்பைப் பற்றி. தாக்கச்சாயம் நூலிற் பிடித்தற்பொருட்டு லீற்றருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பும், அதனுடன் சோடாவும் இடுவது வழக்கம். கடல்நீரில் உள்ள உப்போ லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராமே. உமிக்கரி இவ்வுப்பை அகற்றாது. கண்ணாடிபோலத் தெளிந்த நீர் கடல்நீரினும் உவர்ப்பாயிருத்தல் கூடும்! அலசிய நீரில் உப்புக் குறைவெனினும் அதனையும் நம்பிவிடலாகாது. போஞ்சி, கரட், வெங்காயம் ஆகியன உவர்ப்பைச் சிறிதும் தாங்கா. நெல்லும் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவர்ப்பினாற் பெரிதும் வருந்தும். சோடாவிலுள்ள சோடியம் களிமண்ணை இறுகச்செய்து நீர் உட்புகுவதைத் தடுக்கும்.

உலக உணவு விவசாய நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் குறைந்த நீர் உவர்ப்பைப் பொறுத்தமட்டிற் பாசனத்துக்கு ஏற்றது. 3க்கு மேற்பட்டதைப் பாய்ச்சுவதற்குக் கடுங்கட்டுப்பாடு வேண்டும். ஐயமுள்ள நீரை அளந்து பார்க்குமாறு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். வீட்டிலேயே செய்யத்தக்க சோதனையும் ஒன்றுண்டு. இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 25 பயறு இடுக. ஒன்றை நல்ல கிணற்று நீராலும் மற்றதை வடிநீராலும் நனைத்துவருக. மூன்றாம் நாள் வடிநீர்த் தட்டில் முளை குறைந்தோ வேர் குறுகியோ காணப்படின், அந்நீரை வயலில் விடற்க. முளை நன்றாயிருப்பினும் அதுகொண்டு மட்டும் நீர் தீங்கற்றதெனத் துணிதல் கூடாது.

சாயமேறிய உமியையும் கரியையும் கூட்டெருக் குழியிலோ மாட்டுத்தொழுவிலோ இடவே கூடாது. சில சாயங்களிற் குரோமியம், செம்பு ஆகிய உலோகங்கள் உண்டு; அசோச்சாயங்கள் காற்றற்ற குழியிற் சிதையும்போது நச்சுப்பொருள்கள் தோன்றுவதுமுண்டு. அக்கழிவை மழைபடாத தரையில், மூடிய பீப்பாவிற் சேர்த்துவைத்து, அகற்றும் முறையை உள்ளூராட்சி மன்றத்திடமோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ கேட்டறிக.