ஸ்வாப் எவ்வளவு வேண்டும்?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது அன்பர் ஒருவர் கேட்டார்: "பழைய கணிப்பொறியில் லினக்ஸ் போடுகிறேன். ஸ்வாப் எவ்வளவு என்று கேட்கிறது. என்ன கொடுப்பது?" ஆளுக்கொரு பதில் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் என் பேத்தியிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்!

எனக்குத் தெரிந்த ரயில்வே பாஷையிலேயே சொல்கிறேன். நம் புனே ஸ்டேஷனில் ஆறு பிளாட்பாரங்கள். கணிப்பொறியில் அதுதான் ரேம். நடக்கும் வேலையெல்லாம் அங்கேதான். உடனே கிளம்பாத ரேக்கைப் பிளாட்பாரத்தில் வைத்திருக்க மாட்டோம், கோர்படி யார்டுக்குத் தள்ளிவிடுவோம். ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கும் அந்த யார்டுதான் ஸ்வாப். 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியிலேயே இதன் மூல ஏற்பாடு இருந்தது.

ஆனால் யார்டு பிளாட்பாரம் ஆகாது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க விநாடியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் தேடி எடுக்க நூறில் ஒரு பங்கு ஆகும். லட்சம் மடங்கு தாமதம்! ரேம் போதாமல் எந்நேரமும் ஷண்டிங் நடந்தால் வண்டி ஒன்றும் புறப்படாது.

என் தங்கை மகனுக்கு, தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப், கைமாறிப் பேத்தியிடம் வந்தது. ரேம் 2 ஜி.பி. அதில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸைப் புதிதாகப் போட்டேன். சி-டாக்கின் தலைமையகம் நம் புனேயில், பாஸ் உருவானது அதன் சென்னை மையத்தில். இரண்டும் நம் ஊர் என்பதில் எனக்கொரு திருப்தி. டிஸ்க் மிச்சமாகட்டும் என்று ஸ்வாப்புக்கு 1 ஜி.பி. மட்டும் ஒதுக்கினேன்.

ஒரு மாலை பள்ளிக் கட்டுரை எழுதும்போது மின்சாரம் போயிற்று. அவள் ஹைபர்னேட் கொடுத்து, மூடிவிட்டு டியூஷன் போனாள். ஹைபர்னேட் என்றால் ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைவது. அந்த 1 ஜி.பி.யிலும் பாதி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இடமில்லாததால் இயந்திரம் அணையவே இல்லை. பாட்டரி தீர்ந்தது, நான்கு பக்கமும் போயின. "சிக்கனம் உங்களுக்கு, நஷ்டம் எனக்கா தாத்தா?" என்றாள்.

ஆகவே முதல் கேள்வி, ஹைபர்னேட் வேண்டுமா என்பதே. ரெட் ஹாட் நிறுவனத்தின் பரிந்துரை இது: 2 ஜி.பி. வரை ரேம் இருந்தால் அதன் இரு மடங்கு, ஹைபர்னேட்டும் வேண்டுமானால் மும்மடங்கு. 2-க்கு மேல் 8 வரை, ரேம் அளவே போதும். ஹைபர்னேட்டுக்கு இரு மடங்கு. 8-க்கு மேல் 64 வரை, குறைந்தது 4 ஜி.பி.; ஹைபர்னேட்டுக்கு ஒன்றரை மடங்கு. எப்போதும் இரு மடங்கு என்ற பழைய கணக்கு ரேம் விலை அதிகமாயிருந்த காலத்தது.

போட்ட பின் வி.எம்.ஸ்டாட் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எஸ்.ஐ., எஸ்.ஓ. என்ற இரு பத்திகளில் எண்கள் ஓயாமல் ஓடினால் ஸ்வாப்பைக் கூட்டிப் பயனில்லை, ரேம் வாங்குங்கள்.

பேத்தியின் லேப்டாப்பில் இப்போது 6 ஜி.பி. ஸ்வாப். இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொண்டேதான் எழுதுகிறாள்.