வேர் மரக்கறிப் பயிர்களில் போரன் குறைபாடு

பீற்றூட்டின் வெளித்தோற்றம் நன்றாக இருந்தும், வெட்டும்போது உள்ளே கறுத்த புள்ளிகள் காணப்படலாம். இதற்கு எப்போதும் நோயாக்கிகளே காரணமல்ல. போரன் என்னும் நுண்மூலகத்தின் குறைபாட்டாலும் இது ஏற்படும். பயிருக்குப் போரன் இன்றியமையாதது என்பதை 1923 இல் கதரின் வாரிங்டன் எடுத்துக்காட்டினார்.

1. போரனின் தொழில்கள்
• கலச்சுவரை ஆக்கி உறுதியளித்தல்
• வளர்முனைக் கலங்களின் விருத்திக்கு உதவுதல்
• மகரந்தக் குழாயின் வளர்ச்சிக்கு உதவுதல்

2. குறைபாட்டு அறிகுறிகள்
பீற்றூட் – இளம் இலைகள் சிறுத்து உருமாறும், வளர்முனை இறக்கும், கிழங்கினுள் தக்கை போன்ற கறுத்த புள்ளிகள் தோன்றும்.
முள்ளங்கி – உட்பகுதி கபில நிறமாகும்.
கரற் – கிழங்கு நீளவாக்கில் வெடிக்கும். ஒழுங்கற்ற நீர்ப்பாசனத்தாலும் வெடிப்பு ஏற்படுவதால், இதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

கவனிக்க: இப்பயிர்களில் போரன் முதிர்ந்த இலைகளிலிருந்து இளம் பகுதிகளுக்கு இலகுவில் இடம்பெயராது. ஆகவே அறிகுறி முதலில் இளம் பகுதிகளில் தோன்றும். நைதரசன், மகனீசியம் என்பன இடம்பெயரக்கூடியவை. அவற்றின் குறைபாடு முதலில் முதிர்ந்த இலைகளில் தோன்றும்.

3. காரணங்கள்
• மணல் மண்ணிலும் அதிக மழை பெறும் இடங்களிலும் போரன் நீருடன் கழுவிச் செல்லப்படல்
• மண்ணில் சேதனப் பொருள் குறைதல்
• வரட்சியால் வேர்களின் உறிஞ்சல் குறைதல்
• மண்ணின் பீ.எச். பெறுமானம் உயர்தல். நுவரெலியா போன்ற மலைநாட்டு அமில மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பு இடப்படுகிறது. அது அளவை மிஞ்சினால், மண்ணில் போரன் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது.

4. நிவர்த்தி
கிழங்கினுள் ஏற்பட்ட பாதிப்பைப் பின்னர் இடும் பசளையால் மாற்ற முடியாது. எனவே நடுகைக்கு முன்னரே மண்ணைப் பரிசோதித்தல் வேண்டும். சேதனப் பசளையுடன், தேவையாயின் போராக்ஸ் எனப்படும் வெண்காரத்தைச் சிபாரிசு செய்யப்பட்ட அளவில் சீராக இடலாம். இதில் ஏறத்தாழ 11% போரன் உண்டு. போரன் சிறிது மிகுந்தாலும் நஞ்சாகும். பீற்றூட்டுக்குப் பொருத்தமான அளவு, அதே பாத்தியில் அடுத்து நடும் போஞ்சியைப் பாதிக்கலாம்.

மாதிரி வினா
சுண்ணாம்பு அதிகமாக இடப்பட்ட பாத்தியில் பீற்றூட்டின் இளம் இலைகள் உருமாறின. யூரியா இட்டும் பயனில்லை.
(அ) குறைபாடுடையதாகக் கருதக்கூடிய மூலகம் யாது?
(ஆ) யூரியா பயனளிக்காமைக்குக் காரணம் யாது?
(இ) விவசாயிக்கு நீர் வழங்கும் ஆலோசனை ஒன்று தருக.

விடை
(அ) போரன்.
(ஆ) யூரியா நைதரசனை மட்டுமே வழங்கும், உயர்ந்த பீ.எச். காரணமாகப் போரன் பயிருக்குக் கிடைக்காத நிலை மாறாது.
(இ) அடுத்த போகத்துக்கு முன் மண்ணைப் பரிசோதித்து, அதன்படி சுண்ணாம்பும் போரனும் இடுதல்.