120 மீட்டருக்குக் கீழே

கல்யாண வீட்டில் ஹெலிகேம் பறக்கவிடும் தம்பிகளானாலும் சரி, என்னைப் போலப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவர்களானாலும் சரி, ட்ரோன் வாங்கிய எல்லோருக்கும் ஒரு எண் மனப்பாடம்: 120 மீட்டர். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, அதாவது அந்த 120 மீட்டர் வரை, முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் நின்றால் அது 200 அடியாகக் குறையும். இதைப் படித்த கையோடு, 400 அடிக்குக் கீழே உள்ள வானம் நம்முடையது, மேலே இருப்பதுதான் விமானங்களுடையது என்ற நினைப்பும் மனதில் ஒட்டிக்கொள்கிறது. எந்த விதியிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆள் இருக்கும் விமானத்துக்கு வழிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்றுதான் அதே விதிகள் சொல்கின்றன. அவர்கள் எவ்வளவு தாழ வந்தாலும் ஒதுங்க வேண்டியது நாம்தான்.

நான் பெரும்பாலும் பறக்கவிடுவது மணப்பாடு, உவரி, தேரிக்காடு என்று தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கரையோரத்தில். ஆள் நடமாட்டம் குறைந்த இடம், வானமும் காலியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் கரைக்கோடு என்பது ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு ஒரு சாலை மாதிரி. ஆறும் ரயில் பாதையும் மலைக் கணவாயும் அப்படித்தான். கீழே ஒரு கோடு தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கடலோரக் காவல்படை ரோந்து வரும். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. கோவை பக்கம் போனால் சூலூரில் விமானப்படைத் தளம்.

இவை போக, நாம் கணக்கிலேயே எடுக்காத சில உண்டு. தேர்தல் வந்தால் கல்லூரி மைதானமெல்லாம் ஹெலிபேட் ஆகிவிடும். பிரச்சாரத்துக்கு வரும் தலைவரின் ஹெலிகாப்டர், நேற்றுவரை நாம் கிரிக்கெட் படம் எடுத்த அதே மைதானத்தில் இறங்கும். கும்பாபிஷேகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவுவதும் நடக்கிறது, ட்ரோனில் புனித நீர் தெளிப்பதும் நடக்கிறது. இரண்டையும் ஒரே கோயிலில் ஏற்பாடு செய்பவர்கள் யார் எப்போது மேலே என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஜனவரியில் பொள்ளாச்சியில் பலூன் திருவிழா. பலூனும் ஆள் இருக்கும் விமானம்தான். பர்னரை மூட்டும்போது மட்டும் உஸ்ஸென்று சத்தம் வரும், மற்ற நேரம் சத்தமே கிடையாது. காற்று கொண்டுபோகிற பக்கம் போய், கிடைத்த வயலில் இறங்கும்.

பிரிட்டனில் இந்தக் குளறுபடி இன்னும் அப்பட்டம். அங்கேயும் ட்ரோனுக்கு 400 அடி வரை அனுமதி. போர் விமானங்கள் வழக்கமான பயிற்சியிலேயே 250 அடி வரை தாழப் பறக்கலாம். ஒரே உயரத்தில் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, வந்தால் இறக்கிவிடலாமே என்பார்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹெலிகாப்டர் ஒரு கிலோமீட்டரை 18 விநாடியில் கடக்கும். நம் கையில் இருக்கும் சிறிய ட்ரோன் சாதாரண முறையில் விநாடிக்கு 3 மீட்டர் இறங்கும். 120 மீட்டரிலிருந்து ஒரு பனை உயரத்துக்கு, அதாவது சுமார் 25 மீட்டருக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஸ்போர்ட் முறையில் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 19 விநாடி. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அதைப் பார்த்த அதே நொடியில் ஸ்டிக்கைக் கீழே இழுத்தால்கூட நமக்கு முன்னால் அது வந்துவிடும். அதனால் கரையோரத்தில் நான் இரண்டு பனை உயரத்தைத் தாண்டுவது அபூர்வம். படத்துக்கும் அந்த உயரமே அழகு என்பது என் அபிப்பிராயம். 120 மீட்டரிலிருந்து எடுத்தால் எந்தக் கடற்கரையும் கூகுள் மேப் மாதிரிதான் இருக்கும்.

கல்யாணப் படம் எடுக்கிற ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அவங்க நம்மளப் பாத்து ஒதுங்கிக்கிட மாட்டாங்களா அண்ணாச்சி?" நியாயமான கேள்வி. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள சாம்பல் நிறப் பொருள் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எவ்வளவு தெரியும்? நல்ல பார்வை உள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய கடைசி எல்லை அதுதான். அதுவும் அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்து அதையே உற்றுப் பார்த்தால். ஒரே இடத்தில் நிற்கும் ட்ரோன் அசையாததால் இன்னும் மறைந்துவிடும். விமானி அதைக் கண்டுகொள்ளும்போது மிச்சம் இருப்பது மூன்று நான்கு விநாடி. "அவங்களுக்கு நீ தெரியவே மாட்டே" என்று சொன்னேன். அன்றைக்கு அவன் நம்பின மாதிரி இல்லை.

ஆகவே முதலில் வேலை செய்ய வேண்டியது காது. ஹெலிகாப்டரின் தடதடப்பு பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் காதுக்கு வந்துவிடும். ஆனால் அது எந்தத் திசை என்று சட்டென்று பிடிபடாது. கட்டடத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பும். காற்றுக்கு எதிர்த்திசையில் வந்தால் சத்தம் தாமதமாகக் கேட்கும். கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே நின்றால் இறக்கைகளின் இரைச்சலில் எதுவும் கேட்காது. போர் விமானம் என்றால் சத்தம் கேட்கும்போது அது தலைக்கு மேல் வந்துவிட்டிருக்கும். என் வழக்கம் இது: ட்ரோனைக் கிளப்பியதும் அதன் ரீங்காரம் காதை அடைக்காத அளவுக்குத் தள்ளி நிறுத்துவேன். ஹெட்போன், புளூடூத் ஸ்பீக்கர், ஸ்டார்ட்டில் நிற்கும் கார் எதுவும் பக்கத்தில் கூடாது. சத்தம் கேட்டால் எங்கே என்று தேட மாட்டேன். முதலில் ஸ்டிக்கைக் கீழே இழுப்பேன், தேடுவது அப்புறம். மணப்பாட்டில் ஒரு சாயங்காலம் அப்படி இறக்கி, ட்ரோன் மணலைத் தொட்ட பிறகுதான் தேவாலயக் குன்றுக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் தலையைக் காட்டியது. அது எவ்வளவு உயரத்தில் போனது என்று என்னால் சொல்ல முடியாது. கீழே நின்றவர்களின் துண்டு பறந்தது.

இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதற்றத்தில் விரல் தானாகப் போவது "வீடு திரும்பு" பொத்தானுக்கு. அதை அழுத்தினால் ட்ரோன் நேரே நம்மிடம் வந்துவிடாது. கொஞ்சம் தள்ளி இருந்தால் முதலில் நாம் அமைத்து வைத்த திரும்பும் உயரத்துக்கு ஏறும், பிறகுதான் திரும்பும். 30 மீட்டரில் பத்திரமாக இருந்ததை நாமே 100 மீட்டருக்கு, ஹெலிகாப்டர் வரும் உயரத்துக்கு ஏற்றி அனுப்புகிறோம். மரத்திலும் செல்போன் கோபுரத்திலும் இடிக்காமல் வருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. விமானம் வரும்போது அதைத் தொடக்கூடாது. எந்த இடத்தில் கிளப்பினாலும் அந்த உயரத்தை அங்குள்ள மரத்துக்கும் கோபுரத்துக்கும் கொஞ்சம் மேலாக மாற்றி வைத்துவிடுங்கள்; பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த எண்ணிலேயே விட வேண்டாம். கீழே இறங்க எந்தப் பக்கம் வெட்டவெளி, எந்தப் பக்கம் மின்கம்பி என்பதையும் கிளப்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 18 விநாடியில் யோசிக்க முடியாது.

மலையில் கதை வேறு. திரையில் காட்டும் உயரம், கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. குற்றாலத்துக்கு மேலேயோ கொடைக்கானலிலோ விளிம்பில் நின்று பள்ளத்தாக்குப் பக்கம் செலுத்தினால் திரை 50 மீட்டர் என்றுதான் காட்டும். ட்ரோனுக்குக் கீழே 500 மீட்டர் வெறும் காற்று. பள்ளத்தாக்கின் நடுவே வரும் ஹெலிகாப்டருக்கு அது நடுவானில் நிற்கும் தடை.

செயலிகளை நம்புவது பற்றி இரண்டு வார்த்தை. ஃபிளைட்ரேடார் போன்றவற்றைத் திறந்து, ஒன்றும் காணோம் என்று கிளப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். சில ட்ரோன்களிலேயே விமானம் நெருங்கினால் எச்சரிக்கும் வசதி உண்டு. இரண்டும் பெரும்பாலும் விமானம் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையை நம்பி இருப்பவை. ராணுவ ஹெலிகாப்டர் அதை ஒலிபரப்பாமல் வரலாம், பலூனில் அது இல்லாமலே இருக்கலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடம் பச்சையாகத் தெரிவதும் அந்த இடம் காலி என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

கூட ஒரு ஆளை வைத்துக்கொள்வது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த ஆள் என்பதுதான் விஷயம். 2021 ஆகஸ்டில் டொரோண்டோவுக்குப் பக்கத்தில் பட்டன்வில் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்த செஸ்னா 172 விமானத்தில், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த போலீஸ் ட்ரோன் மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் முதலில் பறவை என்றே நினைத்தார்கள். பறக்கவிட்டது பயிற்சி பெற்ற போலீஸ்காரர். வானத்தைப் பார்க்கவும் ஒருவர் உடன் இருந்தார். நம் ஆட்கள் துணைக்கு அழைத்து வரும் மச்சான், கிளப்பிய இரண்டாவது நிமிடமே திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். என்னுடன் வருபவருக்கு நான் முதுகைக் காட்டித்தான் நிற்பேன். எனக்குப் பின்னால் உள்ள வானம் அவருடையது, வீடியோவை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் கொட்டியது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை என்று மூன்று படையின் ஹெலிகாப்டர்களும் மீட்புக்கும் உணவுப் பொட்டலம் போடவும் வந்தன. பொட்டலம் போட வரும் ஹெலிகாப்டர் மொட்டைமாடி உயரத்துக்கு இறங்கி நிற்கும். தாமிரபரணி ஊரைச் சூழ்ந்து நிற்கும் காட்சியை மேலிருந்து எடுக்க எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொன்னால் பொய். பேட்டரியைக்கூட சார்ஜ் போடவில்லை. பேரிடர் நேரத்தில் அரசு கேட்டு, அவர்களின் ஒருங்கிணைப்பில் பறக்கும் ட்ரோன் வேறு. யூடியூப் சேனலுக்காகப் பறப்பது வேறு. அந்த நேரத்தில் வானில் ஒரு ட்ரோன் தெரிந்தால், அது யாருடையது என்று பார்க்காமல் ஹெலிகாப்டர் திரும்பிப் போக வேண்டியதுதான். பொட்டலமும் அதோடு திரும்பிப் போகும்.

இது வெறும் ஊகமில்லை. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பாலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த கியூபெக் மாகாணத்தின் சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தில் ஒரு ட்ரோன் மோதியது. இடது இறக்கையில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் ஓட்டை. தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த விமானம் சில நாட்கள் தரையில் நின்றது. தீ எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒருவர் சான்டா மோனிகாவில் ஒரு பார்க்கிங் கட்டடத்தின் மேலிருந்து ட்ரோனைக் கிளப்பி, இரண்டரை கிலோமீட்டர் வரை அனுப்பி, பார்வையிலிருந்து தவறவிட்டிருந்தார். இத்தனூண்டு ட்ரோன் என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு இன்னொன்று: அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்காக 2017இல் வெளியான ஆய்வில், அதே எடையுள்ள பறவையைவிட ட்ரோனால் வரும் சேதம் அதிகம் என்று கண்டார்கள். பறவை நசுங்கிச் சிதறிவிடும். மோட்டாரும் பேட்டரியும் அப்படியே உள்ளே போகும்.

மோதிவிட்டது, அல்லது மயிரிழையில் தப்பியது என்றால் செய்ய வேண்டியது: உடனே இறக்குங்கள். மெமரி கார்டையும் செயலியில் உள்ள பறப்புப் பதிவையும் அழிக்காதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள், நடந்தது விமான நிலையத்துக்கு அருகில் என்றால் அங்கேயும். அடையாளம் தெரியாமல் போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு நியூயார்க்கில் 2017 செப்டம்பரில் நடந்ததைச் சொல்வேன். ஸ்டேட்டன் தீவுக்குப் பக்கத்தில் சுமார் 300 அடியில் பறந்த ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஒரு பான்டம் 4 ட்ரோன் மோதியது. பறக்கவிட்டவர் நான்கு கிலோமீட்டர் தள்ளி, திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொடர்பு அறுந்ததும் திரும்பி வரும் என்று காத்திருந்தார். வராததால் கடலில் விழுந்திருக்கும் என்று கிளம்பிப் போய்விட்டார். ஹெலிகாப்டரில் சிக்கியிருந்த மோட்டாரின் தொடர் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டு, போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அதிகாரிகள் அவரைத் தொடர்புகொண்டார்கள். தன் ட்ரோன் எதிலோ மோதியது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும்.